தமிழில் படித்த பிசிக்ஸ் வீண் போகாது!

"தமிழ் மீடியத்துல படிச்ச பொண்ணுக்கு ஃபாரின் படிப்பு எதுக்கு?" என்று வாய் கூசாமல் கேட்கிறவர்கள் தெருவிலும் இருக்கிறார்கள், சொந்தத்திலும் இருக்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். அதனால்தான் இதைப் பெண்கள் பக்கத்துக்கு எழுதுகிறேன்.

என் மகள் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி. பிறகு பி.எஸ்சி. இயற்பியல். ஜெர்மனியில் எம்.எஸ்சி. படிக்க ஆசைப்பட்டாள். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பதால் என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். ஆனால் ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் தேர்வு எழுதி மதிப்பெண் காட்ட வேண்டும். பல இடங்களில் 6.5 கேட்கிறார்கள். ஒரு தடவை எழுத 17,000 ரூபாய்க்கு மேல். சும்மா எழுதிப் பார்ப்போம் என்று கட்டுகிற பணமா இது?

ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்துவிட்டோம். அங்கே 'சயின்ஸ் வேர்ட்ஸ்' என்று ஐந்நூறு வார்த்தைகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, தினமும் ஐம்பது மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் எதிரே இன்னொரு ஆங்கில வார்த்தை. தமிழ் மருந்துக்குக்கூடக் கிடையாது. தமிழில் யோசித்தால் இங்கிலீஷ் வராதாம்!

பத்தே நாளில் பெண்ணுக்கு வெறுத்துவிட்டது. "வெலாசிட்டிக்கு நேரா ஸ்பீடுன்னு போட்டிருக்காங்கம்மா. பத்தாம் கிளாஸ் பையன்கூட இது தப்புன்னு சொல்லுவான்" என்று எரிந்து விழுந்தாள்.

நானும் தமிழில் பிளஸ் டூ பிசிக்ஸ் படித்தவள்தான். முப்பது வருஷம் ஆன பிறகும் திசைவேகம் என்ற வார்த்தை மறக்கவில்லை. வேகத்தோடு திசையும் சேர்ந்தால் திசைவேகம். பாடம் முழுக்க அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. கையில் இப்படி ஒரு சாவியை வைத்துக்கொண்டு, பூட்டை ஏன் கல்லால் உடைக்க வேண்டும்?

ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டோம். முதலில் ஆங்கில வார்த்தை, அடுத்து தமிழ் வார்த்தை, மூன்றாவதில் வீட்டில் கண்ணால் பார்த்த ஒன்று. தமிழ் வார்த்தைக்குத் தேடி அலைய வேண்டாம். பிளஸ் ஒன், பிளஸ் டூ தமிழ் வழி இயற்பியல் புத்தகத்தின் கடைசியில் கலைச்சொற்கள் பட்டியலே இருக்கிறது. மூன்றாவது கட்டத்துக்கு நம் அடுப்படி போதும்.

விஸ்காசிட்டி என்றால் பாகியல். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவளுக்கு இதை விளக்க வேண்டுமா? கெபாசிட்டர் என்றால் மின்தேக்கி. வைகை அணைப் பக்கம் வளர்ந்த பெண்ணுக்கு நீர்த்தேக்கம் தெரியும். தண்ணீருக்குப் பதில் மின்னூட்டத்தைத் தேக்குகிறது, அவ்வளவுதான். லேட்டன்ட் ஹீட் என்றால் உள்ளுறை வெப்பம். பூஜ்யம் டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரை நூறு டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 420 கிலோஜூல் வெப்பம் போதும். அதே தண்ணீர் முழுவதும் ஆவியாக வேண்டுமென்றால் இன்னும் 2,260 கிலோஜூல் வேண்டும். இதைத் தெர்மாமீட்டர் காட்டாது. வெப்பம் உள்ளே உறைந்து கிடக்கிறது. கொதிக்கிற தண்ணீர் பட்டதைவிட இட்லிப் பானை ஆவி அடித்தால் கை ஏன் அப்படி வெந்து போகிறது என்பதற்கும் இதுதான் காரணம். இப்படித் தெரிந்துகொண்ட வார்த்தையை மறக்கச் சொன்னாலும் மறக்குமா?

நிஜமான தொல்லை பெரிய வார்த்தைகளில் இல்லை. தெரிந்த வார்த்தை மாதிரி இருந்துகொண்டு வேறு அர்த்தம் சொல்கிற சின்ன வார்த்தைகளில்தான். மொமென்ட் என்றால் நொடி என்று படித்திருப்போம். பிசிக்ஸில் அது திருப்புத்திறன். கதவைக் கீல் பக்கம் தள்ளிப் பாருங்கள், பிறகு கைப்பிடிப் பக்கம் தள்ளிப் பாருங்கள், புரியும். மொமென்டம் என்பதோ உந்தம். ஆங்கிலத்தில் அக்கா தங்கை மாதிரி இருக்கும் இந்த இரண்டும் தமிழில் குழம்பவே குழம்பாது. வொர்க் இன்னும் வேடிக்கை. தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு சமதரையில் ஒரே சீராக ஒரு மைல் நடந்தாலும், அந்தக் குடத்தைத் தாங்குகிற விசை செய்த வேலை பூஜ்யம் என்கிறது பிசிக்ஸ். விசை மேல்நோக்கி, நடை பக்கவாட்டில் என்பது கணக்கு. சரிதான். ஆனாலும் இந்த இலக்கணத்தை எழுதினவர் குடம் சுமந்தவராக இருக்க முடியாது!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் தேர்வில் யாரும் பிசிக்ஸ் கேட்பதில்லை. ரீடிங் பகுதியில் மூன்று கட்டுரை, நாற்பது கேள்வி, ஒரு மணி நேரம். விடை கட்டுரைக்குள்ளேயே இருக்கும். ரைட்டிங் முதல் கேள்வியில் வரைபடத்தையோ, ஒரு பொருள் தயாராகும் விதத்தையோ குறைந்தது 150 வார்த்தையில் எழுத வேண்டும். அங்கே கூடியது, குறைந்தது, மாறாமல் நின்றது என்று சொல்லத் தெரிய வேண்டும். ஊற்றப்படுகிறது, சூடேற்றப்படுகிறது என்று செயப்பாட்டு வினையில் எழுத வேண்டும். என் மகள் ஃபில்டர் காபி இறங்கும் விதத்தை இங்கிலீஷில் சொல்லிச் சொல்லிப் பழகினாள். எழுதியதைத் திருத்திக் கொடுத்த வகையில் அந்த மையத்தாலும் நன்மைதான், அதை மறைக்க மாட்டேன். ஐந்நூறு வார்த்தை ஜெராக்ஸைத்தான் வேண்டாம் என்கிறேன்.

"இந்தக் கஷ்டம் எதுக்கு, எல்.கே.ஜி.யிலேயே இங்கிலீஷ் மீடியத்துல போட்டிருக்கலாமே" என்பார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைகளிடம் இனர்ஷியா என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். வரையறையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும். பஸ் பிரேக் போட்டால் நாம் ஏன் முன்னால் சாய்கிறோம் என்று கேட்டால் பாதிப் பிள்ளைகள் முழிக்கும். நிலைமம் என்ற பெயரே பாதி பதில் சொல்லிவிடுகிறதே! இந்த வார்த்தைகள் தானாக முளைத்தவை அல்ல. 1916-லேயே ராஜாஜி சேலத்தில் அறிவியல் சொற்களுக்கென்று ஒரு சங்கம் வைத்து வேலை தொடங்கினார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் உட்கார்ந்து யோசித்து உருவாக்கியவை.

அதற்காகத் தமிழ் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 2018-ல் நடந்த நீட் தேர்வில் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது. இரண்டு மொழி வார்த்தையும் தெரிந்த பிள்ளை பக்கத்திலிருக்கும் ஆங்கிலக் கேள்வியைப் பார்த்துத் தப்பித்திருக்கும். ஒன்று மட்டுமே தெரிந்த பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

மகளுக்கு மொத்தத்தில் 6.5 வந்தது. ரீடிங்கில் 7. விண்ணப்பங்கள் போட்டிருக்கிறாள். இந்த மதிப்பெண் இரண்டு வருஷம் செல்லும் என்பதால் இந்த வருஷம் இடம் கிடைக்காவிட்டாலும் அடுத்த வருஷம் பார்க்கலாம். அந்த மூன்று கட்ட நோட்டை எதிர்வீட்டுப் பெண் வாங்கிப் போயிருக்கிறாள். அவளும் தமிழ் மீடியம்தான். இப்போது இன்ஜினீயரிங் முதல் வருஷம். காலியாக இருந்த பக்கங்களில் அவளும் எழுத ஆரம்பித்துவிட்டாளாம்.

- ஒரு வாசகி, தேனி.