நிலாவை இடம் மாற்றலாமா?



சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. அதில் இயற்கைக் காட்சிப் படங்களுக்கான போட்டிக்கு நானும் ஒரு நடுவர். வந்திருந்த படங்களில் ஒன்று கண்ணைப் பறித்தது. ஓர் ஏரி, கரையில் பனைமரங்கள், அவற்றின் பின்னே செக்கச் சிவந்து மறையும் கதிரவன், அதற்குச் சற்று மேலே பெரிய முழுநிலா. நடுவர் மூவரும் ஒருமனதாக அதற்கே முதற் பரிசு கொடுத்தோம்.

விழா முடிந்து கிளம்பும்போது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். "சார், பௌர்ணமி அன்னிக்கு சூரியன் மேற்கே மறையறப்போ நிலா கிழக்கேதானே வரும்? இந்தப் படத்திலே ரெண்டும் ஒரே பக்கம் இருக்கே?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவன் நான். நிலா முழுமையாக ஒளிர வேண்டுமானால், வானில் அது கதிரவனுக்கு எதிர்ப்புறம் இருந்தாக வேண்டும். இது எனக்குத் தெரியாததா? படத்தின் அழகில் மறந்து போனேன். இன்னொரு சான்றும் கண் முன்னே இருந்தது. நம் கண்ணுக்குக் கதிரவனும் நிலாவும் ஏறத்தாழ ஒரே அளவுதான். இரண்டும் வானில் சுமார் அரைப் பாகை அகலமே அடைக்கின்றன. அந்தப் படத்திலோ நிலா கதிரவனைப்போல் மூன்று மடங்கு இருந்தது. இரண்டு படங்களைச் செல்பேசியில் ஒட்டிச் செய்த காட்சி அது!

படம் கொடுத்த மாணவனை நான் குறை கூற மாட்டேன். படம் அழகாக இருக்க வேண்டும் என்று மட்டுமே எங்கள் விதி சொன்னது. தவறு எங்களுடையது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நல்ல இயற்கைப் படம் எடுக்க விலையுயர்ந்த காமிரா வேண்டியதில்லை. வானத்தைப் பற்றிய அறிவும், எடுத்ததை எடுத்தபடி குறித்து வைக்கும் பழக்கமும் வேண்டும் என்பதே என் கருத்து.

இதற்கு உலகப் புகழ் பெற்ற ஒரு படமே சான்று. 1941-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு மாலை. ஆன்சல் ஆடம்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் காரில் சென்றுகொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூருக்கு மேலே நிலா எழுந்திருந்தது. மேற்கிலிருந்து வந்த கடைசி வெயில், கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளின்மேல் வெண்மையாக விழுந்திருந்தது. அவசரமாகக் காமிராவை நிறுத்தினார். ஒளியை அளக்கும் கருவியைக் காணவில்லை! நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவர் நினைவில் இருந்தது. அதைக்கொண்டு கணக்கிட்டுப் படம் எடுத்தார். இரண்டாவது படம் எடுப்பதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது.

நிலாவின் ஒளிர்வை மனப்பாடம் செய்து வைத்திருக்க முடிவது எப்படி? நிலா தானாக ஒளிர்வதில்லை. அதன்மேல் விழுவது நம் ஊரில் அடிக்கும் அதே வெயில். ஆகவே நிலாவைப் படம் எடுப்பது என்பது வெயிலில் கிடக்கும் ஒரு பாறையைப் படம் எடுப்பது போன்றதுதான்.

இது புரிந்தால், நாம் எடுக்கும் நிலா ஏன் வெறும் வெள்ளைப் பொட்டாக விழுகிறது என்பதும் புரியும். இரவில் வானமும் தரையும் இருட்டு. காமிரா அந்த இருட்டைக் கணக்கில் கொண்டு ஒளியை மிகுதியாக உள்ளே விடுகிறது. வெயிலில் கிடக்கும் நிலா வெளுத்துப் போகிறது. இதற்கு வழி, பௌர்ணமிக்கு முதல் நாள் மாலையில் எடுப்பது. நிலா நாள்தோறும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. எனவே பௌர்ணமிக்கு முதல் நாள், கதிரவன் மறையுமுன்பே அது கிழக்கே எழுந்துவிடும். தரையிலும் வெயில், நிலாவிலும் வெயில். ஒரே படத்தில் இரண்டும் தெளிவாக விழும். செல்பேசியானால், திரையில் நிலாவின்மேல் விரலை வைத்து வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தால் போதும்.

அந்த நேரத்தின் ஒளிக்குத் தனி அழகும் உண்டு. கதிரவன் தொடுவானில் இருக்கும்போது அதன் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல் ஏறத்தாழ 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி, 700 நானோமீட்டர் சிவப்பு ஒளியைவிடச் சுமார் 6 மடங்கு மிகுதியாகச் சிதறுகிறது. நீலம் வழியிலேயே சிதறிவிட, மஞ்சளும் சிவப்பும் நம்மிடம் வந்து சேர்கின்றன.

வெளிநாட்டு நூல்களை நம்பி ஏமாறாதீர்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களில் கதிரவன் கடைசி 6 பாகை இறங்குவதற்கு லண்டனில் ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும். சென்னையில் 25 நிமிடம்தான். நம் பகுதியில் அது செங்குத்தாக இறங்குகிறது. ஆகவே அரை மணி முன்னதாகவே இடத்தைத் தேர்ந்து காத்திருங்கள்.

இனி ஆடம்ஸ் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். படம் எடுத்த நாளை அவர் குறித்து வைக்கவில்லை! பிற்காலத்தில் 1940 முதல் 1944 வரை வெவ்வேறு ஆண்டுகளைச் சொன்னார். அவர் 1984-இல் காலமானார். டென்னிஸ் டி சிக்கோ என்ற வானியல் ஆர்வலர் படத்தில் நிலா இருந்த இடத்தைக் கொண்டு கணக்கிட்டு, அது 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்று 1991-இல் அறிவித்தார். உண்மையான நிலா ஒரு கடிகாரம். ஒட்டிய நிலாவைக் கொண்டு யாராவது நேரம் சொல்ல முடியுமா?

"ஆடம்ஸும் அச்சிடும்போது வானத்தைக் கருமையாக்கினாரே, அதுவும் பொய்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒளியைக் கூட்டுவதும் குறைப்பதும் புகைப்படக் கலை தோன்றிய நாளிலிருந்தே உள்ளது. நம் கண் காணும் ஒளி வேறுபாடு முழுவதும் தாளில் அடங்காது. ஆனால் அவர் நிலாவை இடம் மாற்றவில்லை. இன்று சில செல்பேசிகளின் மென்பொருள், தான் முன்பே கற்ற நிலாப் படங்களின் துணையுடன் இல்லாத நுணுக்கங்களையும் சேர்த்துவிடுகிறது. ஒட்டுவதும் சேர்ப்பதும் ஓவியம் வரைவது போன்றவை. ஓவியம் தவறன்று, அதை ஓவியம் என்று சொல்லிவிட வேண்டும்.

எனவே பள்ளிப் போட்டிகளில் ஒவ்வொரு படத்தின் பின்னும் நாள், நேரம், இடம், காமிரா நோக்கிய திசை, பின்னர் செய்த மாற்றங்கள் ஆகிய ஐந்தையும் எழுதச் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். கூடவே, அடுத்த ஆண்டு அந்த எட்டாம் வகுப்பு மாணவியையும் நடுவராகச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டிருக்கிறேன்.

நீங்களும் நாட்காட்டியில் அடுத்த பௌர்ணமியைப் பாருங்கள். முதல் நாள் மாலை கிழக்கே திறந்த வெளியுள்ள ஓர் இடத்தில் நில்லுங்கள். படம் எடுத்தவுடன் அந்த ஐந்து குறிப்புகளையும் எழுதிவிட மறவாதீர்கள்.