பேட்ச்சுடன் தரப்படும் மாத்திரை

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் திடீரென எழும் உடல்வெப்பம் தணிய ஈஸ்ட்ரோஜன் பேட்ச் ஒட்டிக்கொள்ளும் பெண்களுள் சிலர், உடன் தரப்படும் புரோஜெஸ்டிரோன் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுகின்றனர். பேட்ச் ஒன்றே போதும் என்பது அவர்கள் எண்ணம். நாங்கள் இதை ஏற்பதற்கில்லை. கருப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தொடர்ந்து சென்றால் கருப்பையின் உட்படலம் தடிக்கும்; நாளடைவில் புற்றுநோய்க்கும் இடமுண்டு. அதைத் தடுப்பதே அம்மாத்திரையின் பணி. கருப்பை அகற்றப்பட்டவருக்குப் பெரும்பாலும் அது வேண்டியதில்லை. ஆகவே அடுத்த வீட்டாரின் மருந்துச்சீட்டு நமக்கு அளவுகோல் ஆகாது.

பேட்ச்சை இடுப்புக்குக் கீழே இடம் மாற்றி மாற்றி ஒட்டுக; மார்பில் ஒட்டலாகாது. மருத்துவர் முன்னரே கூறாத உதிரப்போக்கு, ஒரு துளியாயினும், தாமதமின்றித் தெரிவிக்கத் தக்கது. அவர் சொல்ல வெட்கப்பட்டால், உடன்வரும் மகளோ கணவரோ சொல்லலாம்.