அக்காவின் காயிதம்

"நடங்க."

12 வருடமாக அக்காவுக்குக் கிடைத்த உடற்பயிற்சி ஆலோசனை இந்த ஒரு சொல்தான். டாக்டர்கள் மாறினார்கள், மாத்திரைகள் மாறின, இந்தச் சொல் மட்டும் மாறவில்லை. மெட்போர்மினுக்கு மில்லிகிராம் கணக்கு இருக்கிறது, காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எழுதித் தருகிறார்கள். நடைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. எவ்வளவு நேரம், என்ன வேகம், முட்டி வலித்தால் என்ன செய்வது? யாரும் சொன்னதில்லை, அக்காவும் கேட்டதில்லை. வெளியே 40 பேர் நம்பர் எடுத்துக் காத்திருக்கும்போது எந்த டாக்டர்தான் சாவகாசமாக உட்கார்ந்து விளக்குவார்?

அக்காவுக்கு 61 வயது. சுங்கை வேயில் மூன்றாவது மாடி வீடு. இனிப்பு நீர், இரத்த அழுத்தம், இரண்டு முட்டியிலும் தேய்மானம். தோட்டத்தில் பிறந்தவள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், 400, 500 மரம் வெட்டி, பால் வாளியைக் காண்டாவில் சுமந்து வந்த அம்மாவுக்குக் கூடமாட ஓடியவள். 18 வயதில் தோட்டத்தை விட்டு வந்து, இங்கே தடையற்ற வணிக வட்டாரத்தில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் சேர்ந்தாள். நின்றபடியே வேலை, பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு, ஓவர்டைம். அப்படியே 30 வருடத்துக்கு மேல்.

அதனால், "எக்ஸசைஸ் பண்ணுக்கா" என்று நான் சொன்னபோதெல்லாம் ஒரே பதில்தான் வரும்: "இந்த உடம்பு உழைச்ச உழைப்புக்கு இன்னும் எக்ஸசைஸ் வேறயா?"

இந்தக் கேள்வியைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. அம்மா தலைமுறைக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவே இல்லை. அந்த வேலை காடு மேடு ஏறி இறங்கி, குனிந்து, சுமந்து செய்த வேலை. ஒரே இடத்தில் 8 மணி நேரம் நிற்பது வேறு. கால் கடுக்கும், இடுப்பு விட்டுப்போகும், ஆனால் தொடைத் தசைக்குப் பலம் ஏறாது. களைப்பு வந்தாலே உடற்பயிற்சி ஆகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் வயது வந்தவர்கள் 100 பேரில் 31 பேருக்கு இனிப்பு நீர். நாட்டின் மூன்று பெரிய இனங்களில் நாம்தான் முதலிடம். 2023 ஆய்வு இன்னொன்றும் சொன்னது: இனிப்பு நீர், இரத்த அழுத்தம், கொழுப்பு, உடல் பருமன் ஆகிய நான்கையும் ஒன்றாகச் சுமப்பவர்கள் நாட்டில் 5 லட்சத்துக்கும் மேல். நம் கல்யாண வீட்டுப் பந்தியில் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் இந்தக் கணக்கு சரியாக வரும்.

ஒருநாள் அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. காலை 6 மணிக்கு எழுந்தாள், வழக்கம்போல கிளிக்லசைட் மாத்திரையைப் போட்டாள், பசியாறாமல் பூங்காவுக்கு நடக்கப் போனாள். இரண்டாவது சுற்றில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருண்டு பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். தாய் சீ ஆடிக்கொண்டிருந்த ஒரு சீனப் பாட்டி ஓடி வந்து, பையிலிருந்த பாக்கெட் மைலோவைக் குடிக்கவைத்தார். அந்தப் புண்ணியவதியின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

சர்க்கரையை இறக்கும் மாத்திரை, வெறும் வயிறு, நடை. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்ததில் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிட்டது. போதாததற்கு அன்று சாயங்காலம் முட்டியும் வீங்கியது. "நடக்கச் சொன்னாங்க, நடந்தேன், பாத்தியா?" என்று என்னிடம் காலை நீட்டிக் காட்டினாள். அத்தோடு நடைக்கு முழுக்கு.

அடுத்த முறை கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். நடந்ததைச் சொன்னோம். இளம் டாக்டர் ஒருவர் கேட்டுக்கொண்டு, பிசியோவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். தேதி கிடைக்கச் சில வாரங்கள் ஆயின.

பிசியோ ஒரு மலாய்ப் பெண், 30 வயது இருக்கும். அவர் அக்காவை நடக்கச் சொல்லவில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு உட்காரச் சொன்னார். இரண்டு கைகளையும் நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார வேண்டும். 30 வினாடி. அக்கா 6 முறை எழுந்தாள். ஏழாவதற்குப் பாதி எழுந்து, பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். "பெலான்-பெலான், ஆண்ட்டி" என்று சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அட்டவணையில், 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால் கீழே விழும் ஆபத்து இருக்கிறது என்று கணக்கு. அக்கா அதில் சரிபாதி.

அப்புறம் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, மீன்பிடி நரம்பு போன்ற ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். பாதத்தில் உணர்ச்சி மரத்தவர்களுக்குச் சப்பாத்துக் கடித்துப் புண்ணானாலும் தெரியாது, நடையே வினையாகும். கண்ணின் விழித்திரையைப் படமெடுத்துப் பார்த்தாயிற்றா என்றார். அங்கே இரத்தக் குழாய் கெட்டிருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பளு தூக்கக் கூடாது. மாத்திரைப் பட்டியலை வாங்கிப் படித்தார். எந்த மாடி, லிப்ட் உண்டா, வீட்டில் யார் சமையல், ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று பெண் பார்க்க வந்தவர் போல விசாரித்தார். கடைசியாக, "என்ன செய்ய ஆசை, ஆண்ட்டி?" என்றார்.

12 வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. அக்கா சட்டென்று, "பத்துமலை ஏறணும்" என்றாள். 272 படி. பிசியோ பக்கத்திலிருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டி, "முதலில் இதை ஏறுவோம்" என்றார்.

நாட்டு வைத்தியர்கள் ஒரே சூரணத்தை ஒருவருக்குத் தேனிலும் இன்னொருவருக்கு வெந்நீரிலும் கொடுப்பார்கள். அனுபானம் என்று பெயர். ஆளைப் பார்த்து, நோயைப் பார்த்து, காலத்தைப் பார்த்துக் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. உடற்பயிற்சி என்று வரும்போது மட்டும் எல்லாருக்கும் ஒரே கரண்டியில் ஊற்றிவிடுகிறோம்.

அக்காவுக்குக் கிடைத்தது பாதி ஏ4 தாள். அதில் நாலைந்து வரி. நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரமாக்கி, 5 முறை எழுந்து உட்கார வேண்டும், சற்று ஓய்வெடுத்து இன்னொரு 5. ஒருநாள் விட்டு ஒருநாள். சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, 5 எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும், 10 முறை. சமையலறை சின்க்கைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு, மாடித் தாழ்வாரத்திலேயே 10 நிமிட நடை. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மிட்டாய். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கு நம் தசைதான். தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் தயவில்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2016இல் இதைச் சோதித்தார்கள். நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பின்னும் 10 நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 விழுக்காடு குறைந்திருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 விழுக்காடு. ராத்திரி சோற்றைப் போட்டுக்கொண்டு நாடகத்தின் முன்னால் உட்காரும் நம் வீடுகளுக்கென்றே செய்த ஆராய்ச்சி மாதிரி இருக்கிறது. பூங்காவும் வேண்டாம், புதுச் சப்பாத்தும் வேண்டாம், மழையும் புகைமூட்டமும் தடுக்காது.

நடையின் பலன் தசையில் ஓரிரு நாள்தான் தங்கும். அதனால்தான் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதே என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு, வாரம் முழுக்க உட்கார்ந்திருப்பது, ஏழு நாள் மாத்திரையை ஒரே நாளில் விழுங்குவது போல.

முட்டி விஷயத்தில் நாம் செய்வது நேர்த் தலைகீழ். வலிக்கிறது என்று காலை ஆட்டாமல் வைத்துக்கொள்கிறோம். தொடைத் தசை இளைக்கிறது. அது தாங்க வேண்டிய பாரமும் முட்டியிலேயே இறங்குகிறது. வலி கூடுகிறது, இன்னும் அசையாமல் இருக்கிறோம். டென்மார்க்கில் 2013இல் தொடங்கிய கிளாட் என்ற திட்டம் இந்தச் சுற்றை உடைக்கவே வந்தது. அவர்களின் வலிக்கணக்கு எளியது. வலிக்கு 10க்கு எத்தனை மார்க் என்று நீங்களே போடுங்கள். பயிற்சியின்போது 5 வரை போனால் பரவாயில்லை, ஆனால் 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையா, அளவைக் குறைக்க வேண்டும். அக்காவுக்கு இதுதான் பெரிய விடுதலை. வலித்தால் முட்டி கெட்டுப்போகிறது என்று பயந்துகொண்டிருந்தவள், இப்போது "இன்னிக்கு மூணுதான்" என்கிறாள்.

நம் இரத்தத்துக்கு இதெல்லாம் ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு, சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வேன். இனிப்பு நீரின் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்றாண்டு அளவில் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேருக்கு. மெட்போர்மின் மாத்திரை தந்ததும் கிட்டத்தட்ட அதே அளவு பலன்தான், 40 பேர். அந்த ஆய்விலும் எல்லாரையும் ஒரே மாதிரி நடக்கச் சொல்லவில்லை. உடலுழைப்பு வேலை செய்பவர்களையும், நாளுக்கு அரைமணிக்கு மேல் நடந்தோ சைக்கிளிலோ போய் வருபவர்களையும் அதையே தொடரச் சொன்னார்கள். உட்கார்ந்தே இருப்பவர்களைத்தான் அரைமணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார்கள்.

எங்கள் கீழ்மாடி அண்ணன் லாரி ஓட்டுநர். இருதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர். அவர் அக்காவின் தாளைப் பின்பற்றினால் சரிவராது. அவர் சாப்பிடும் மாத்திரை நாடித் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். கைக்கடிகாரத்தில் துடிப்பைப் பார்த்து வேகத்தைக் கணித்தால் ஏமாந்துபோவார். அவருக்குச் சொல்லப்பட்ட அளவுகோல் வேறு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அவர் பாடி நான் கேட்டதில்லை என்பதால் வேகம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தேசிய இருதயக் கழகமான ஐஜேஎன் போன்ற இடங்களில் இருதய மறுவாழ்வுப் பயிற்சி என்று முறையாகவே நடக்கிறது. நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு உதட்டைக் குவித்து மூச்சு விடுவதிலிருந்து தொடங்குவார்கள். காலில் புண் உள்ளவருக்கு உட்கார்ந்தபடி கைப் பயிற்சி.

காசு ஆகுமே என்ற பயம் பலருக்கு. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் டாக்டரைப் பார்க்க 1 ரிங்கிட்தான். பிசியோவைப் பார்க்க முடியுமா என்று நாமாகக் கேட்டால், பெரும்பாலும் கடிதம் கிடைக்கும். கேட்காவிட்டால் "நடங்க"தான் கிடைக்கும். தனியாரிடம் போவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டம், பிசியோதெரபிஸ்டுகள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. பதிவு இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் "ஏழே நாளில் முட்டிவலி மாயம்" வீடியோக்காரரிடம் பதிவு எண் கேட்டுப் பாருங்கள், அவரே மாயமாகிவிடுவார்.

எனக்கு ஒரு சின்ன ஆசை. மருந்துச் சீட்டிலேயே கடைசியில் ஒரு வரி இருக்கட்டும்: என்ன பயிற்சி, எத்தனை முறை, எந்த நேரம், மறுபடி எப்போது பார்ப்பது. ஒரு வரி எழுத ஒரு நிமிடம் போதும். மாத்திரையை மறந்தால் "ஏன் சாப்பிடவில்லை" என்று கேட்கிறார்கள் அல்லவா, நடையை மறந்தாலும் கேட்க ஒருவர் இருக்க வேண்டும். அக்கா விடாமல் செய்ததற்குப் பாதிக் காரணம், நாலு வாரம் கழித்துப் பிசியோ அதே நாற்காலியைப் போட்டு எண்ணுவார் என்ற பயம்தான்.

நாலு மாதம் ஆகிறது. 6 என்பது 11 ஆகியிருக்கிறது. தலையணை நாற்காலியிலிருந்து போய்விட்டது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.1 விழுக்காட்டிலிருந்து 8.2க்கு இறங்கியிருக்கிறது. இடையில் டாக்டர் மாத்திரையையும் மாற்றியதால் முழுப் பெருமையையும் நாற்காலிக்குக் கொடுக்க முடியாது. மழை நாளில் முட்டி இன்னும் முனகுகிறது. பத்துமலை இன்னும் ஏறவில்லை. ஆனால் பெடரல் நெடுஞ்சாலையின் நடைபாலத்தில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நடுவில் உட்காராமல் ஏறி இறங்குகிறாள்.

போன வாரம் நான் போனபோது எதிர்வீட்டு அம்மா வந்திருந்தார். பிரிட்ஜில் காந்த வில்லையின் கீழே தொங்கும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, கைப்பேசியை எடுத்தார். "ஒரு போட்டோ புடிச்சுக்கிறேங்க்கா, எனக்கும் முட்டிவலிதானே."

அக்கா தோசைக் கரண்டியோடு வந்து குறுக்கே நின்றுவிட்டாள்.

"அது என்னோட காயிதம். உன் முட்டிக்கு நீ போயி உன் காயிதம் வாங்கிட்டு வா."