காவலர் களைத்தால் காவல் ஏது?

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது, வெறுப்பைத் தூண்டிய சிங்களப் பதிவுகள் பேஸ்புக்கில் தடையின்றிப் பரவின. அரசாங்கம் சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்க நேர்ந்தது. அந்நிறுவனம் 2020 மே மாதத்திலேயே அதற்காக மன்னிப்புக் கோரியது.

அதே மாதத்தில் மற்றொரு செய்தியும் வெளியானது. கொலை, சித்திரவதைக் காட்சிகளை நாள்தோறும் பார்த்து அகற்றியதால் உளப் பாதிப்புக்குள்ளான அமெரிக்கக் கண்காணிப்பாளர்கள் தொடுத்த வழக்கில், 5 கோடியே 20 இலட்சம் டொலர் வழங்க அந்நிறுவனம் இணங்கியது.

இவ்விரு செய்திகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. எந்தச் சொல் வெறும் வசை, எது தாக்குதலுக்கான அழைப்பு என்பதை அவ்வூரின் மொழியும் வரலாறும் அறிந்தவரே உணர்வார். அந்த அறிவு பல ஆண்டுப் பணியினால் வருவது. மனம் சோர்ந்து அவர் விலகும்போது அதுவும் அவரோடு சென்றுவிடுகின்றது. புதியவரை உடனே நியமித்தாலும் அவ்விடம் உடனே நிரம்புவதில்லை.

2024 இல் இயற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டம், உத்தரவுகளைப் பிறப்பிக்கும் ஆணைக்குழுவுக்கு வழிசெய்தது. ஆனால், உத்தரவுகள் அனுபவசாலியின் கண்ணுக்கு ஈடாகா. ஓய்வு, உளவள ஆலோசனை, நிரந்தர நியமனம் ஆகியவற்றைச் சிங்களமும் தமிழும் அறிந்த கண்காணிப்பாளர்களுக்கு உறுதிசெய்யுமாறு நிறுவனங்களை வற்புறுத்துவதே விவேகம். அவர்களின் சோர்வுக்கான விலையை முதலில் செலுத்துவோர் சிறுபான்மையினரே என்பதைத் திகன உணர்த்தியிருக்கின்றது.