ஆட்டம் நின்றால் அடுப்பும் நிற்கலாமா?

2020ஆம் ஆண்டு மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அதற்குமுன் தொடங்கிய மலேசிய சூப்பர் லீக் காற்பந்துப் போட்டி தடைபட்டு, ஆகஸ்டில்தான் தொடர்ந்தது. ஒவ்வொரு குழுவும் 22 ஆட்டங்களுக்குப் பதில் 11 மட்டுமே ஆடியது. 1921இல் தோன்றிய மலேசியக் கிண்ணப் போட்டியும் அவ்வாண்டு நிறைவேறவில்லை.

நிறுத்தியது சரியே, உயிரினும் பெரிது ஆட்டமன்று. ஆயினும், திடலருகே சிற்றுண்டி விற்றோர் பிழைப்பும் அன்றே நின்றது. நாட்கூலி இல்லையெனில் வீடு படும் பாட்டைக் கியா பார்ம் மக்களாகிய நாம் நன்கறிவோம்.

ஆதலின், இனியொரு பெருந்தொற்று வந்து அடுத்த பருவம் தடைபடுமாயின், ஆட்டத்தை நிறுத்தும் நாளிலேயே, அதனை நம்பி வாழ்வோர்க்கு உதவியும் அறிவித்தல் வேண்டும். மாணவச் செல்வங்களே! வெற்றியைப் போற்றும் நாம், ஆட்டத்தால் வாழும் எளியோரையும் எண்ணுவோமாக.