ஆலயத்தைச் சூழ்ந்த கானகம்



எத்தியோப்பியாவின் வடபகுதியில் தெற்கு கோண்டார் என்னும் நாட்டுப்புறம் உண்டு. வேளாண்மைக்காகவும் மேய்ச்சலுக்காகவும் விறகுக்காகவும் அங்கே காடுகள் நெடுங்காலமாக அழிக்கப்பட்டன. ஆயினும் வானிலிருந்து நோக்கினால், பழுப்பு வயல்களின் நடுவே பச்சைத் திட்டுகள் தென்படும். அவற்றின் நடுவில் ஆலயங்கள் நிற்கின்றன. அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் தெவாஹிதோ சபையார், ஆலயத்தைச் சூழ்ந்த வனத்தை ஏதேனின் சாயலாக எண்ணித் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். அப்பகுதியில் மட்டும் இத்தகைய காடுகள் 1000-க்கும் மேல் உள்ளன.

பெரும்பாலானவை சில ஹெக்டேர் பரப்பே உடையவை. ஆனாலும் காட்டு ஒலிவமரங்கள் அங்கே ஓங்கி நிற்கின்றன. குரங்குகளும் பறவைகளும் தஞ்சம் பெறுகின்றன. அங்கு வாழும் தேனீக்கள் அயல் வயல்களின் பயிருக்கு மகரந்தம் சுமக்கின்றன.

எனினும், பக்தி மட்டும் இக்காடுகளைக் காக்கப் போதவில்லை. கால்நடைகள் உட்புகுந்து முளைகளை மேய்ந்தும் மிதித்தும் அழித்தன. முதுமரங்கள் நின்றன, அவற்றின் இடத்தை நிரப்ப இளங்கன்றுகள் அரிதாயின. இதை ஆராய்ந்த எத்தியோப்பிய வனவியல் அறிஞர் அலெமாயேஹு வாசியே, அமெரிக்க அறிஞர் மார்கரெட் லோமனோடு இணைந்து குருமாரின் துணையை நாடினார். வயல்களில் கிடந்த கற்களைக் கொண்டே மக்கள் மதில் எழுப்பினர். நிலமும் சீர்பட்டது, காட்டுக்கும் காவல் கிடைத்தது.

ஏதேனில் மனிதனுக்குக் கர்த்தர் கொடுத்த பணிகள் இரண்டு: நிலத்தைப் பண்படுத்துவது, அதைக் காப்பது (ஆதியாகமம் 2:15). நாமோ முதலாவதை விரும்பிக் கற்று, இரண்டாவதை மறந்தோம். முற்றுகைக் காலத்திலும் கனிமரங்களை வெட்டலாகாது என்று உபாகமம் 20-ஆம் அதிகாரம் தடைசெய்கிறது. போரிலும் தகாததை, வாகனம் நிறுத்த இடம் வேண்டி ஆலய வளாகத்தில் நாம் செய்வது தகுமோ?

சபை பெருகும்போது இடம் தேவை என்பீர்கள். மெய்தான். ஆனால் ஒரு மணி நேர நிறுத்தத்துக்காக, நூறாண்டு நிழலை இழப்பது நல்ல உக்கிராணத்துவம் அல்ல. மரத்தை வெட்டாதிருந்தால் மட்டும் போதாது என்பதையும் எத்தியோப்பியச் சபை நமக்குக் கற்பிக்கிறது. முதுமரத்தின் அருகே கன்றும் வளர வேண்டும். கன்றுக்கு வேலி வேண்டும். ஆகையால் வளாகத்தைப் பற்றி முடிவெடுக்கும் ஆலோசனைக் கூட்டங்களில், கட்டடத்துக்காகப் பேசுவோர் நடுவே மரத்துக்காகவும் ஒருவர் பேசட்டும். அவர் நீங்களாய் இருங்கள்.

காக்கும்படி ஒப்புவிக்கப்பட்டதில் கர்த்தர் நம்மை உண்மையுள்ளவர்களாகக் காண்பாராக. ஆமென்.