நடுவில் ஒரு தையல் கூடை

பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ழாக் லூயி டேவிட்டின் புரூட்டஸ் ஓவியத்தை, கடமையைப் போற்றும் படம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இவன் சீசரைக் குத்திய புரூட்டஸ் அல்ல. அவனுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவன். ரோமில் மன்னராட்சியை ஒழித்தவன். விரட்டப்பட்ட அரசனை மீண்டும் கொண்டுவரச் சதி செய்த தன் இரு மகன்களுக்கும் மரண தண்டனை விதித்தான் என்கிறது பழங்கதை. டேவிட் கொலைக்களத்தை வரையவில்லை. உடல்கள் வீடு வந்து சேரும் நேரத்தை வரைந்தார். தகப்பன் இடது ஓரத்தில், ரோமாதேவி சிலையின் நிழலில், பிணங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறான். கையில் சதிக் கடிதம். பாதங்கள் ஒன்றன்மேல் ஒன்று இறுகிக் கிடக்கின்றன. முகம் காட்டாத வேதனையை அவை காட்டுகின்றன. வெளிச்சமெல்லாம் வலப்பக்கம், பெண்கள் மேல்: கை நீட்டிக் கதறும் தாய், அவள்மேல் மயங்கிச் சரியும் மகள், முகத்தை மூடிக்கொண்ட பணிப்பெண். நடுவே மேசைமேல், பாதியில் விட்ட வேலையோடு ஒரு தையல் கூடை. ஒரு வீடு உடைந்துபோனதைச் சொல்ல எனக்கு அந்தக் கூடையே போதும். பஸ்தீல் சிறை வீழ்ந்த சில வாரங்களில், 1789இல் இது காட்சிக்கு வந்தது. புரட்சிக்காரர்கள் நிழலில் இருந்தவனைக் கொண்டாடினார்கள். டேவிட்டும் 1793இல் பிரெஞ்சு அரசனின் மரண தண்டனைக்கு வாக்களித்தார். ஆனாலும் அவர் வெளிச்சத்தைக் கொடுத்தது அந்தத் தாய்க்குத்தான்.